முழங்கால் அளவுத் தண்ணீர்

மோகனூரிலிருந்து காவிரியை ஒட்டி மேற்கே போகும் ரோட்டில், கரும்புக் காட்டையும் வாழைத் தோப்புகளையும் தாண்டினால் படித்துறைப்பட்டி வரும். அந்த ஊரின் கீழ்த்தெருவில், ஆற்றுப் பக்கம் கடைசிக்கு முந்தின வீட்டில் கோகிலவாணி குடியிருக்கிறாள். நாற்பத்து நாலு வயது. முன்முடி நரைத்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். அதற்கப்புறம்தான் நடக்க வரும். கணவனைத் தூக்கித் தூக்கி வந்த வலி அது.

கணவன் பூபதி போர் போடும் ரிக் வண்டியில் வேலை செய்தவன். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருடைய வண்டி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வருஷத்தில் பாதிக்குமேல் வெளியூர்தான். ஒரு நாள் ராடு மாற்றிக்கொண்டிருந்தபோது கொக்கி நழுவி, ராடு முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து கட்டில்தான். மகள் கிருத்திகா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். கோகிலவாணி நைட்டி தைத்துக் கொடுப்பாள். இடையிடையே எழுந்துபோய்ப் புருஷனைப் புரட்டிப் படுக்க வைப்பாள். புண் வந்துவிடக் கூடாது.

பூபதி படுக்கையில் விழுந்த அடுத்த ஆடியிலேயே காவிரியில் வெள்ளம் வந்தது. மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணியைத் திறந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பெரிய வெள்ளம் என்று இன்றைக்கும் சொல்வதில்லை. கீழ்த்தெருவில் முழங்கால் அளவு ஏறி, இரண்டு நாளில் வடிந்துபோனது. பிள்ளைகள் அதில் விளையாடின. ஆனால் பூபதியின் கட்டிலும் முழங்கால் உயரம்தான்.

தெருக்கோடி மாடி வீட்டுத் தீர்த்தகிரியும் இன்னும் இரண்டு பேரும் வந்து, பூபதியை பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூத்திரப் பை தண்ணியில் இழுபட்டுக்கொண்டே வந்தது. தீர்த்தகிரியின் மாடி ஹாலில் ஏற்கனவே பத்துக் குடும்பம் இருந்தது. அத்தனை பேர் நடுவில் ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்து, கோகிலவாணி அவனைத் துடைத்துவிட்டாள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் சொன்னான். "இனிமேட்டு என்னைய எங்கயும் தூக்கிட்டுப் போவாத வாணி. தண்ணி வந்தா வந்துட்டுப் போவுது."

அவள் சுவரில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சில வருஷம் கழித்து, வெள்ள அபாய வரைபடம் போடுவதற்காக ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்கள். அரசாங்கத்துக்காகச் செய்யும் ஒப்பந்த வேலை. வந்த இஞ்சினியர் பெண்ணின் பெயர் சௌந்தர்யா. வாழப்பாடிக்காரி, இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். ஊரில் வீடு வீடாகப் போய், எந்த வெள்ளத்தில் எவ்வளவு உயரம் தண்ணி வந்தது என்று கேட்டு, டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். கூட வர உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். மகளிர் குழுவில் கோகிலவாணியைக் கை காட்டிவிட்டார்கள். அவள் பன்னிரண்டாவது முடித்தவள், போன் நன்றாகப் பார்க்கத் தெரியும். காலையில் பூபதிக்கு எல்லாம் முடித்து, தண்ணி பாட்டிலையும் போனையும் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுப் புறப்படுவாள். நடுவில் இரண்டு முறை ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவாள்.

கேள்வி எளிதுதான். பதில்தான் சுலபமாக வராது. ஒரு வீட்டில் இடுப்பு மட்டம் என்பார்கள். பக்கத்து வீட்டில், "எங்கூட்டுக்குள்ள எந்தத் தண்ணியும் வல்லீங்" என்பார்கள். ஆனால் சுவரில் பழைய சேற்றுக் கோடு அப்பட்டமாகத் தெரியும். நிவாரணம் கிடைக்கும் என்று நினைத்தவர்கள் உயர்த்திச் சொன்னார்கள். வீட்டை விற்க நினைத்தவர்கள் தாழ்த்திச் சொன்னார்கள். சௌந்தர்யா சுவரைப் பார்த்து அளந்துகொண்டு, சொன்னதைத் தனியாகவும் பார்த்ததைத் தனியாகவும் ஏற்றினாள். யாரும் பொய் சொன்னதாக முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கோகிலவாணிக்கு அவளிடம் முதலில் பிடித்தது அதுதான்.

மாசி மாதத்தில் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டு, திரையில் படத்தைக் காட்டினார்கள். ஆறும் ஊரும் மேலிருந்து பார்ப்பது போல இருந்தது. ஆள் உயரத்துக்குமேல் தண்ணி வரக்கூடிய இடம் அடர்நீலம். இடுப்பு, மார்பு என்றால் நீலம். முழங்காலுக்குள் என்றால் வெளிர்நீலம். மீதி வெள்ளை. ஓரத்தில் 'நூறாண்டு வெள்ளம்' என்று எழுதியிருந்தது.

தீர்த்தகிரிக்கு ஆற்றோரம் ஐந்து ஏக்கர் வாழை. அதைச் சைட் போட்டு விற்கலாம் என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தவர். அவர் காடு முழுக்க அடர்நீலமாகக் கிடந்தது. எழுந்து நின்றார்.

"ஏனுங் அம்மிணி, நூறு வருசத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளமுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. எங்கப்பாரு காலத்துல ஒன்னு பெருசா வந்து போயிருச்சுங்க. அப்பறம் நம்ம பேரனுக்குப் பேரன் காலத்துலதான அடுத்தது. அதுக்கு இப்பவே காடெல்லாம் நீல மையக் கொட்டி வெச்சா எவன் வாங்குவான்?"

கூட்டத்தில் நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

"பேரு வெச்ச விதம் அப்படி அமைஞ்சு போச்சுங்க ஐயா" என்றாள் சௌந்தர்யா. "நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. எந்த வருஷமா இருந்தாலும், அந்த அளவுக்கு வெள்ளம் வர நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். போன வருஷம் வந்திருந்தாலும் இந்த வருஷத்துக்கு அதே ஒரு பங்கு இருக்கும். ஒருத்தர் வீடு கட்டி முப்பது வருஷம் குடியிருக்காருன்னு வெச்சுக்கோங்க. அதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு இருக்கு."

யாருக்கும் பிடிபடவில்லை. கோகிலவாணி தயங்கி எழுந்து, "தாயம் ஆடறப்ப ஒருக்கா தாயம் உழுந்துட்டா, அடுத்த ஆட்டத்துல உழுவாதுன்னு இருக்குதுங்களா? மறுக்காவும் உழுவுதில்லீங்? அந்த மாதிரிதாங்ணா" என்றாள்.

"தாயக்கட்டையும் காவேரியும் ஒன்னா கோகிலா?" என்றார் தீர்த்தகிரி. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் அதே கேள்வியை அவளிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அவளும் அதே தாயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வாய்தான் வலித்தது.

கூட்டம் முடிந்த பிறகு அவள் படத்தின் பக்கத்தில் போய்த் தன் வீட்டைத் தேடினாள். வெளிர்நீலத்தில் இருந்தது.

"உங்க வீடு பரவாயில்லக்கா. குறைவான அபாயம்" என்றாள் சௌந்தர்யா, புரொஜெக்டர் வயரைச் சுற்றிக்கொண்டே.

"முழங்கால் அளவுங்களா?"

"அதுக்குள்ளதான்."

"எங்கூட்டுக்காரர் கட்டலு முழங்கால் அளவுதான் கண்ணு."

சௌந்தர்யா வயரைக் கீழே வைத்தாள். அவள் பலமுறை அந்த வீட்டில் டீ குடித்திருக்கிறாள். பூபதியிடம் ராஜஸ்தான் கதை கேட்டிருக்கிறாள். சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோகிலவாணியையும் உட்காரச் சொன்னாள்.

"இதுக்கு எங்க படிப்புல தனித்தனியாப் பேர் இருக்குக்கா. வர்ற தண்ணி இருக்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், அது அபாயம். ஆளே இல்லாத காட்டுல ஆள் உயரம் தண்ணி வந்தாலும் அபாயம் பெரிசுதான், ஆனா யாரும் மாட்டல. அந்தத் தண்ணி வர்ற எடத்துல வீடு, ஆளு, மாடு எல்லாம் இருந்தா, அது ரெண்டாவது. மாட்டினவங்களால சமாளிக்க முடியுமா, எந்திரிச்சு ஓட முடியுமா, முடியாதா, அது மூணாவது. பாதிப்புக்குள்ளாகும் தன்மைன்னு எழுதுவாங்க. மூணையும் சேத்துப் பாத்தாத்தான் இடர்னு சொல்லணும். தீர்த்தகிரி ஐயா வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் ஒரே தண்ணிதான் வரும். ஆனா இடர் ஒரே மாதிரி இல்ல."

"அப்ப இந்தப் படத்துல அது எங்க இருக்குது?"

"இல்லக்கா. இது அபாயப் படம் மட்டும். ஒப்பந்தத்துல அவ்வளவுதான் இருக்கு."

கோகிலவாணிக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளாகத் தன் வீட்டில் நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிது. வேறு யாருக்கோ, எந்த ஊரிலோ இது நடந்து, யாரோ உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று நடந்து வீட்டுக்குப் போகும்போது அந்த நீளமான சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

சௌந்தர்யா சும்மா இருக்கவில்லை. அதையும் படத்தில் சேர்க்கலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டாள். அது வேறு திட்டம் என்றார். மறுபடி எழுதினாள். இரண்டு மாதம் கழித்து, மீட்பு வண்டிக்காரர்கள் கையில் இருக்கும் படத்தில் மட்டும், தானாக நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். பொதுவில் ஒட்டும் படத்தில் புள்ளி இருக்கக் கூடாது.

மறுபடி வீடு வீடாக நடை. பக்கவாதம் வந்தவர்கள், நிறைமாதக்காரிகள், கண் தெரியாத ஒருவர். பெரும்பாலும் சரி என்றார்கள். முத்தாயம்மாள் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். புருஷன் இல்லாதவள், கரும்பு வெட்டப் போகிறவள். அவள் மகன் கௌசிக்குக்கு இருபத்தேழு வயது. சத்தம் கேட்டால் மிரண்டுபோய்க் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொள்வான். அப்போது யார் கூப்பிட்டாலும் வரமாட்டான். வெளியாட்களிடம் அவள் அதைச் சொல்வதில்லை.

"எம்பையனுக்குக் காலு கையி நல்லாத்தான இருக்குது. எதுக்குப் புள்ளி? நாளைக்கு ஊரே சிவப்புப் புள்ளி ஊடுன்னு பேசும். வேண்டாம் கோகிலா, போயிரு."

கோகிலவாணி வற்புறுத்தவில்லை. பூபதி சேரில் போன நாளை அவள் மறக்கவில்லை. ஆற்றோரத்தில் முத்தாயம்மாள் வீடு அடர்நீலத்தில் இருந்தது, புள்ளியில்லாமல்.

அந்த ஆடியிலேயே வெள்ளம் வந்துவிட்டது. கர்நாடகத்தில் விடாமல் மழை. மேட்டூரில் ஒன்றேமுக்கால் லட்சம் கன அடி திறந்திருப்பதாகக் காலையில் மைக் கட்டிய ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது. அந்த எண்ணிக்கை யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் ஐந்தாறு பேர் கோகிலவாணியிடம் வந்து அர்த்தம் கேட்டார்கள். "நம்ம தெருவுக்கு முழங்கால். ஆத்தோரத்துல ஆள் மட்டம். நாளைக்குள்ள வந்துரும். புறப்படுங்க" என்றாள். இரண்டு பேர் புறப்பட்டார்கள். தீர்த்தகிரி மாடி இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

மறுநாள் முற்பகல் சின்ன வேன் ஒன்று நேராக அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. டிரைவரும் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேரும். தெருவில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

பூபதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் வல்ல. அன்னைக்கே சொன்னேன்."

"சேர் இல்லீங்க. ஸ்ட்ரெச்சர் கொண்டாந்திருக்காங்க."

"எதுல தூக்குனா என்ன? பொணத்தத் தூக்கறாப்பல தூக்குவீங்க. ஊரே நின்னு பாக்கும்."

வந்தவர்கள் வெளியே போய் நின்றார்கள். கோகிலவாணிக்குச் சொல்ல நிறைய இருந்தது. இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தாள். இப்போது எதுவும் வாயில் வரவில்லை. கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களோட சண்ட போட எனக்குத் தெம்பு இல்லீங்க" என்றாள். "தண்ணி வந்தப்பறம் ஒருத்தியா உங்களத் தூக்கவும் தெம்பு இல்ல. நீங்க வல்லீன்னா நானும் இங்கதான் உக்காந்திருப்பேன். அவ்வளவுதான்."

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. பூபதி திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள் போல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "அவியளக் கூப்புடு" என்றான்.

வேன் புறப்பட்டதும் அவள் டிரைவரிடம், "அண்ணா, ஆத்தோரமா ஒரு ஊட்டுல நிறுத்தீட்டுப் போலாமுங்க" என்றாள்.

"அங்க புள்ளி இல்லீங்களேக்கா."

"இல்லதானுங்க. அங்க ஒரு பையன் இருக்கறான்."

முத்தாயம்மாள் வீட்டுக் களத்தில் தண்ணி தேங்க ஆரம்பித்திருந்தது. மைக் ஆட்டோ ஆற்றோரத்தில் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குக் கௌசிக் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிவிட்டான். முத்தாயம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சோர்ந்துபோய் வாசலில் நின்றாள். கோகிலவாணியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் கலங்கியது. "வரமாட்டீங்கறான் கோகிலா. அடிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

கோகிலவாணி ஆட்டோவை நிறுத்தி மைக்கை அணைக்கச் சொன்னாள். வேனின் பின்கதவு வீட்டு வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே பூபதி குரல் கொடுத்தான்.

"கௌசிக்கு, நான் பூபதி மாமன். எனக்குக் காலு ரெண்டும் நிக்காது சாமி. வண்டி ஆடுனா அங்கிட்டும் இங்கிட்டும் போயி இடிச்சுக்கும். புடிச்சுக்க ஆளு இல்ல. நீ வந்து புடிச்சுக்கறயா?"

பூபதி அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் விட்டு விட்டு அதையே சொன்னான். டிரைவர் தண்ணியைப் பார்த்தார், கோகிலவாணியைப் பார்த்தார். அவள் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னாள். தண்ணி வாசல்படியின் முதல் கல்லைத் தொட்டபோது கௌசிக் குனிந்தபடி வெளியே வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வேனில் ஏறி, பூபதியின் கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முகாம் போட்டிருந்த ஹைஸ்கூல் போய்ச் சேரும்வரை விடவில்லை. பூபதிக்கு அந்தப் பிடி தெரியாது. ஆனாலும், "அப்படித்தான், இப்ப ஆடல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

முகாமில் அவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறை ஒதுக்கியிருந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும். மறைக்கத் திரையும் இருந்தது. முத்தாயம்மாளும் மகனும் அதே அறையில் தங்கிக்கொண்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் கீழ்த்தெருவில் தண்ணி ஏறிவிட்டது. மாடியில் தங்கிய தீர்த்தகிரி குடும்பத்தைப் பரிசல் போட்டுக் கூட்டிவந்தார்கள்.

வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது கட்டிலுக்கு மேலே சுவரில் சேற்றுக் கோடு இருந்தது. மெத்தை ஊறிக் கிழிந்திருந்தது. சௌந்தர்யா வந்து அளந்தாள். படத்தில் சொன்னதைவிட ஒரு சாண் கூடுதல். அவள் முகம் வாடிவிட்டது.

"ஆத்துத் தண்ணிய மட்டும் கணக்குப் பண்ணோம்க்கா. ஓடைத் தண்ணி ஆத்துல எறங்க முடியாம பின்னாடி ஏறினது சேரல. குறைவான அபாயம்னு உங்ககிட்ட நானே சொன்னேன்."

"குறைச்சலுன்னுதான சொன்ன, இல்லவே இல்லைன்னா சொன்ன?" என்றாள் கோகிலவாணி. "டீ வெக்கறேன், உக்காரு." ஆனால் கேஸ் அடுப்புக்குள் சேறு போயிருந்தது. இரண்டு பேரும் டீ இல்லாமலே உட்கார்ந்திருந்தார்கள்.

சௌந்தர்யா ஓடைக் கணக்கையும் சேர்த்துப் படத்தைத் திருத்திக் கொடுத்தாள். கோகிலவாணியின் வீடு இப்போது நீலம். அதோடு சௌந்தர்யாவின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வேலை வசிஷ்ட நதிப் பக்கம், அவள் சொந்த ஊருக்கு அருகிலேயே. போகும்போது கோகிலவாணியின் எண்ணை எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் எண்களில் சேர்த்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் உண்மையான அலுப்பு ஆரம்பித்தது. மறு வருஷம் தண்ணி அதிகமாகத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குச் செய்தி வரும். அவள் தெருவில் சொல்வாள். வேன் வரும். பூபதியை ஏற்றுவார்கள். ஆடிப் பதினெட்டு சமயத்தில் ஒரு தடவை போனார்கள், தண்ணி வாழைத் தோப்போடு நின்றுவிட்டது. ஆவணியில் மறுபடி போனார்கள். அதுவும் வரவில்லை. முகாமிலிருந்து திரும்பினால் துணியெல்லாம் துவைக்க வேண்டும், தையல் நின்றுபோயிருக்கும், பூபதிக்கு முதுகில் தோல் சிவந்திருக்கும். தெருக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். "கோகிலா சொன்னாளேன்னு அரிசி மூட்டையெல்லாம் மேல ஏத்துனேன், ஒன்னையும் காணோம்" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். மேட்டூர் மதகை அவள்தான் திறக்கிறாள் என்பதுபோலப் பேசினார்கள். முத்தாயம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவையும் வந்தாள். இப்போது அவள் வீட்டுக்கும் புள்ளி உண்டு. அவளே வந்து வைக்கச் சொன்னாள்.

ஐப்பசியில் மூன்றாவது செய்தி வந்தது. கோகிலவாணிக்கு அப்போது காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான். போனைப் பார்த்தாள். தெருவில் போய்ச் சொல்லாமல், அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழவே மனம் வரவில்லை. இந்தத் தடவையும் வராது என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றுவதற்கு எந்தக் காரணமும் இல்லை, முந்தின இரண்டு தடவை வராததைத் தவிர. தீர்த்தகிரியிடமும் பஸ்ஸில் பார்த்தவர்களிடமும் எதைத் தப்பு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாளோ, அதையே இப்போது தானும் நினைக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

"செய்தி வந்துதா?" என்று கட்டிலிலிருந்து பூபதி கேட்டான். போன் சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது.

"வந்துதுங்க. இந்தத் தடவ பாத்துக்கலாமுங்க. வேண்டாம்."

"எவ்வளவு உடறாங்களாம்?"

சொன்னாள்.

"வேனுக்குப் போன் பண்ணு" என்றான்.

"நீங்க போறதுக்கே ஆகாதும்பீங்க."

"ஆகாதுதான். இப்பவும் புடிக்கல. ஆனா தண்ணி வந்துட்டா நீ ஒருத்தியா என்னையத் தூக்கப் பாப்ப. காச்சக்காரி. நீ தூக்க முடியாம நிக்கறத நான் படுத்துட்டுப் பாக்கோணும். அதுக்கு அந்த ஸ்கூலு தேவல."

அவள் போன் செய்தாள். பிறகு எழுந்து, இடுப்பில் கை வைத்து நின்று, தெருவில் இறங்கி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். நாலு வீட்டில் புறப்பட்டார்கள். மற்றவர்கள் கதவைத் திறந்து கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்கள். முத்தாயம்மாள் வீட்டில் கௌசிக் பையோடு வாசலில் தயாராக நின்றான். வேன் வந்ததும் ஏறிப் பூபதியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணி அந்தத் தடவையும் வரவில்லை. ஆற்றோர வீடுகளின் களம்வரை வந்து, ஒரு ராத்திரி நின்று, வடிந்துவிட்டது. மூன்றாம் நாள் வேனில் திரும்பும்போது தீர்த்தகிரி ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூனாவது தடவையா கோகிலா? இப்படியே போயிட்டு வந்துட்டிருந்தா உனக்கு ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருடைய காட்டை வாங்கலாம் என்று பார்க்க வந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஆகறது ஆவட்டுங்ணா. தண்ணி வல்லீங்கறதுக்காவ போனது தப்புன்னு ஆயிராது. அடுத்த தடவையும் சொல்லுவேன். நீங்களும் கீழ எறங்கி வந்துருங்க."

அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீடு காய்ந்தே இருந்தது. புது மெத்தை மேல் தூசி மட்டும் படிந்திருந்தது. பூபதியைப் படுக்க வைத்து, முதுகைப் பார்த்து மருந்து தடவினாள். துவைக்க வேண்டிய துணியை வாசலில் குவித்தாள். தையல் மெஷினில் பாதியில் விட்ட நைட்டி அப்படியே கிடந்தது. அதை எடுக்கக் கையை நீட்டியவள், எடுக்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தாள்.

"கொஞ்ச நேரம் படுக்கறேனுங்க" என்றாள்.

"படு" என்றான் பூபதி. "போனை இங்க குடு. வந்தா நான் பாத்துக்கறேன்."

அவள் போனை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாள். வெளியே வெயில் இருந்தது. யாரோ தெருவில் மேலே ஏற்றிய அரிசி மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. அது நிற்பதற்குள் தூங்கிவிட்டாள்.